அப்பாவுக்கு வந்த மாலை

அக்காவின் கல்யாணத்தை ஒருமுறை நான் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு சினிமா நடிகரின் படத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். (நடிகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய ரசிகர்கள் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். எனக்கோ மூட்டுவலி.)

எண்பதுகளின் கடைசி. ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. முதலாளி வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டரையும் ஒரு மோடத்தையும் கொண்டுவந்து, ஹாலில் டெலிபோனுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மோடம் என்பது இரண்டு கம்ப்யூட்டர்களை டெலிபோன் வழியாகப் பேசவைக்கும் டப்பா. எங்கள் நம்பருக்கு யார் போன் போட்டாலும், மணி ஒருமுறை அடிப்பதற்குள் என் மோடம் முந்திக்கொண்டு எடுத்துவிடும். எடுத்ததும் 'கீ...' என்று நீளமாக ஒரு கூச்சல் போடும். அந்தப் பக்க மோடமும் பதிலுக்குக் கத்தும். இரண்டும் கத்தி ஓய்ந்து சமாதானமானதும், நான் சேர்த்துவைத்திருக்கும் நடிகர் படங்களை, கூப்பிட்ட ரசிகர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு படம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வீட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது.

இப்படிப்பட்ட ரசிகர்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தது என்னையும் சேர்த்து மூன்று பேர். (மூன்றாமவனிடம் மோடம் கிடையாது. படம் எப்படி இருக்கிறது என்று கடிதம் எழுதிக் கேட்பான்.)

நடிகரின் பிறந்தநாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்காக ஒரு பெரிய படம் தயார் செய்தேன். கையில் பிடித்து இழுக்கிற ஸ்கேனர், நாலு விரல் அகலம்தான் இருக்கும். நடிகரின் முகத்தை நான்கு பட்டைகளாக இழுத்து, பிறகு ஒன்றாக ஒட்டவேண்டும். ஒட்டினேன். மூக்கு மட்டும் சற்று இடது காதை நோக்கிக் கிளம்பிவிட்டது. கறுப்பு வெள்ளை வேறு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. நான் என்னவோ பிரமாதம் என்று நினைத்தேன்.

அதே வாரம்தான் பாரிட் புந்தாரிலிருந்து அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். கௌரி அக்காவுக்கு அதற்கு முன்பு இரண்டு சம்பந்தம் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தது. இந்த முறை, துணி மடிக்கிற சாக்கில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு இவரப் புடிச்சிருக்குடா. நீ எதையும் கெடுத்து வைக்காம இரு, போதும்."

"நான் என்னாக்கா பண்ணப் போறேன்?" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை போனில் பதில் சொல்வதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடம் முடிந்து சாயந்திரம்தான் கூப்பிடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். காலண்டரைப் பார்த்தேன். நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை. படத்தை வெளியிட இதைவிட நல்ல நேரம் வேண்டுமா? வேலைக்கு லீவு போட்டேன். கம்ப்யூட்டர் திரையில் நடிகரின் முகத்தை நிறுத்தி, ரோஜா மாலை போட்டு, ஊதுபத்தியும் கொளுத்திவைத்தேன். பாரிட் புந்தார் வீட்டிலும் ஒரு காலண்டர் இருக்கும், அதிலும் அதே நல்ல நேரம்தான் போட்டிருக்கும் என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா கிளினிக்கில் வேலையில் இருந்தாள். ராத்திரி முழுக்க லோரி ஓட்டிவிட்டு வந்த அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சரியாக ஒன்பதேகாலுக்கு, மோடம் வைத்திருந்த இன்னொரு ரசிகனான பினாங்கு சேகர் கூப்பிட்டான். பத்து மணிக்கு அவனுக்குப் படம் இறங்கி முடிந்தது. அதன் பிறகு மணி லேசாகச் சிணுங்கியது, மோடம் கத்தியது, அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இப்படி மூன்று முறை. மூன்று புது ரசிகர்கள், பாவம் கூச்ச சுபாவம் போல என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மதியம் வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "போன் வந்துச்சா?"

"இன்னும் வரலக்கா," என்றேன். மனசாட்சி துளியும் உறுத்தவில்லை.

இரண்டு மணிக்குமேல் வாசலில் ஒரு காடி (எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பெயர்) வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். (இப்போது எனக்கு அத்தை, மாமா.) போனில் சொல்கிறேன் என்றவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்களே என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க வாங்க! உள்ள வாங்க!" என்று வாயெல்லாம் பல்லாக ஓடினார்.

அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். நம் பெண்ணை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று அம்மாவும் சேர்ந்து அழுதார். கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா, வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த அழுகை என்று நினைத்துச் சிலையாகிவிட்டாள். எனக்கு எந்தப் பக்கம் நிற்பது, சிரிப்பதா அழுவதா என்றே விளங்கவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒக்காருங்க, கோப்பி கலக்குறேன்," என்றார்.

"ஐயோ, வேணாங்க. இன்னைக்கி இந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்கக் கூடாது," என்றார் அத்தை.

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. சம்பந்தம் பேச வந்த இடத்தில் கை நனைக்க மாட்டேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் என்று தெரியாவிட்டாலும், ஏதோ செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

அத்தை மெல்ல நகர்ந்து, மாலையும் ஊதுபத்தியுமாக இருந்த திரைக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"இது அவரு சின்ன வயசுல எடுத்ததா? எப்படி இருந்த மனுசன்! மூக்குலதான் என்னமோ அடிபட்டிருக்கு போல."

"எவரு?" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து மாமா காடியிலிருந்து ஆளுயர ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். சத்தம் கேட்டு எழுந்த அப்பா, கைலியைச் சரிசெய்துகொண்டே அறையிலிருந்து வெளியே வந்தார். மாமாவைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, எதுக்குங்க இதெல்லாம்? நமக்குள்ள என்னாலா மரியாத!" என்று சொல்லிக்கொண்டே மாமாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்து கொடுத்தார்.

அத்தை போட்ட அலறலில் என் மோடம் தோற்றது. மாமா மாலையைப் போடுவதா, போட்டுவிட்டு ஓடுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் மாமாதான் கேட்டார்.

"அண்ணே... அப்ப செத்தது யாரு?"

அரைமணி நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பிறகுதான் கதை வெளியே வந்தது. நல்ல நேரத்தில் சம்மதம் சொல்ல அத்தை போன் போட்டிருக்கிறார். முதலில் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது ஒரே ஓலம். மூன்று தடவையும் அதே ஓலம். ராத்திரியெல்லாம் லோரி ஓட்டுகிற மனுசன் அப்பாதான், போனது அவராகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் மோடத்தைக் கத்தவிட்டுக் காட்டினேன்.

"இதேதான்! இதே அழுகதான்!" என்றார் அத்தை. "நடுவுல ஒரு பொம்பள மூக்கு சிந்துனதுகூடக் கேட்டுச்சே!"

"சரி, இப்ப எல்லாம் தெளிவாயிருச்சுல்ல? அந்தப் பதிலச் சொல்லிருங்களேன்," என்றார் அம்மா.

"எப்படிங்க? சாவுக்குன்னு கெளம்பி வந்த காலோட நல்ல வார்த்த சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போயித் தல முழுகிட்டுப் பேசுறோம்." வாசலில் நின்ற அத்தைக்கு, இழவு வீடு மாதிரி சொல்லாமல் போவதா, 'போயிட்டு வாரோம்' என்று சொல்லிவிட்டுப் போவதா என்று குழப்பம். பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் காடியில் ஏறிக்கொண்டார்.

காடி நகர்ந்ததும் அக்கா மோடத்தைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, பிறந்ததற்காகவே வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலை, நல்ல நேரத்தில், மணி அடித்தது. முழுசாக அடித்தது. யாருக்கும் எடுக்கத் தைரியம் இல்லை. அப்பாதான் எடுத்தார்.

"நான் உசிரோடதான் இருக்கேன். சொல்லுங்க," என்றார்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அத்தை எங்களுக்குப் போன் போட்டால் முதலில் 'ஹலோ' வராது. "எல்லாரும் இருக்கீங்களா?" என்றுதான் கேட்பார். அப்பா ஒவ்வொரு முறையும் யோசிப்பதுபோலக் கொஞ்சம் இழுத்து, "இப்பதைக்கி இருக்கேன்," என்பார். இரண்டு வீட்டிலும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் இந்தக் கதை போய்விட்டது. சொல்லச் சொல்ல நடிகரின் மூக்கு மட்டும் இன்னும் கோணலாகிக்கொண்டே போகிறது.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள் காலை, அப்பா பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாரிட் புந்தாருக்குப் போன் போட்டேன். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அத்தைதான் எடுத்தார்.

"அத்த... அப்பா போயிட்டாரு."

"போடா, மறுபடியும் அந்த டப்பாவ ஆரம்பிச்சிட்டியா? நான் ஏமாற மாட்டேன்லா!" என்று சிரித்தார்.

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பக்கம் மாமாவிடம் சொல்வது கேட்டது.

"காடிய எடுங்க. இது மெஷின் இல்ல."