சூனியம் வைக்கத் தெரியாத எஸ்.கே. மேடம்

உலகத்திலேயே சூனியம் வைக்கத் தெரியாத ஒரே சூனியக்காரி, ஜெர்மனியில் எங்களுக்கு வாய்த்த ஹவுஸ் ஓனர் அம்மாள்தான். பெயர் சொல்ல மாட்டோம், 'எஸ்.கே. மேடம்' என்போம். சூனியக்காரி என்பதன் சுருக்கம். அவரிடம் அது எங்கள் ஊர் மரியாதைப் பட்டம் என்று சொல்லிவைத்திருந்தோம். வெகு நாள் அந்தப் பெருமையோடு இருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் வால்டோர்ஃபில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி சுதா முழுகாமல் இருந்தாள். வாடகைக்கு வீடு கேட்ட இடத்திலெல்லாம் "நிறையச் சமைப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து ஊரில் எஸ்.கே. மேடம் மட்டும்தான் வேறு கேள்வி கேட்டார்: "குப்பையைப் பிரித்துப் போடுவீர்களா?" போடுவோம் என்றேன். மாடி போர்ஷன் கிடைத்தது. சாவியைக் கொடுக்கும்போது, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், "நான் விக்கா மதம். விட்ச்," என்றார். வரி ஆலோசகர் ஆபீசில் கணக்குப் பார்க்கிற, முழங்கால் வரை ஸ்வெட்டர் போட்ட ஐம்பது வயது அம்மாள். கத்தோலிக்கம் மாதிரி இது ஏதோ இன்னொரு பிரிவு போலும் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ஆபீஸ் நண்பன் கார்த்திதான் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், விட்ச்னா சூனியக்காரிடா! மாசமா இருக்கிற பொண்ணக் கூட்டிட்டு அங்கயா போய்க் குடியிருப்ப?" சொன்னானே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றதும் அவன்தான். அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

"மேடம், என் மேனேஜருக்குச் சின்னதா ஏதாவது செய்ய முடியுமா? கை காலுக்கெல்லாம் வேணாம். ரெண்டு வாரம் தொண்டை கட்டினா போதும்."

மேடத்தின் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன். "யாருக்கும் கெடுதல் பண்ணக் கூடாதுங்கிறதுதான் எங்க முதல் விதி. பண்ணினா மூணு மடங்கா நமக்கே திரும்பி வரும்."

"அப்போ இந்தச் சாத்தான்...?"

"அவர் சர்ச்காரங்க ஆளு. எங்ககிட்ட கிடையாது. நாங்க கும்பிடறது இயற்கையை. ஒரு அம்மன், ஒரு சாமி."

"வாசல்ல நிக்கிற விளக்குமாறு?"

"பூஜைக்கு முன்னாடி இடத்தைப் பெருக்க. வெளியே போறதுக்கு எனக்குக் கார் இருக்கு."

"ரொம்பப் பழைய மதமோ?" என்றான் கார்த்தி பவ்யமாக.

"ஏறக்குறைய எங்க அம்மா வயசு."

அத்தோடு அவனுக்கு அந்த மதத்தின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

உண்மையில் அவர் சூனியக்காரியாக இருந்ததைவிட ஜெர்மன்காரியாக இருந்ததுதான் அதிகம். பௌர்ணமி பூஜையைத் தோட்டத்தில் செய்வார். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதால், நிலா வந்ததோ இல்லையோ, ஒன்பதே முக்காலுக்கு மந்திரத்தை முடித்துக்கொள்வார். எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியின் கண்ணாடிக் குப்பி ஒரு தொட்டிக்கு, தகர மூடி இன்னொரு தொட்டிக்கு. ஒருமுறை நான் தயிர் டப்பாவை மாற்றிப் போட்டுவிட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வைதான் அந்த வீட்டில் எனக்கு வைக்கப்பட்ட ஒரே சூனியம்.

சுதாவுக்கு இதெல்லாம் சிரிப்பாக இல்லை. எட்டாம் மாதம் தொடங்கியதும் மயிலாடுதுறையிலிருந்து என் மாமியார் போனில் உத்தரவு போட்டார். அன்று வெள்ளிக்கிழமை. சுதா எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, வாசற்படியின் இரண்டு ஓரத்திலும் வைத்தாள். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான் என்பதை மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேடம் என்னைக் கீழே கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. அந்த முகம் இன்னும் வெளுக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

"என் வாசல்ல ரத்தம் பூசின எலுமிச்சம்பழம்! உங்க நாட்டு பில்லி சூனியம் பத்தி நானும் படிச்சிருக்கேன். உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? இந்த மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க."

எட்டாம் மாதத்தில் சுதாவைக் கூட்டிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பேன்? "அது சும்மா அலங்காரத்துக்கு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் சுதா இடுப்பைப் பிடித்தபடி படியிறங்கி வந்துவிட்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்து நான் படுகிற கஷ்டம் அது.

"மேடம், அது உங்களுக்கு வெச்ச சூனியம் இல்ல. நீங்க எங்களுக்கு வெச்சிடக் கூடாதேன்னு வெச்சது."

வீடு போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், மேடம் படிக்கட்டில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாத்தா பயந்தே? நான் இல்ல உன்னைப் பாத்து நடுங்கிட்டு நிக்கிறேன்!"

பிறகு கேள்வி கேட்கிற முறை அவருடையதாயிற்று.

"நீ கோழி பலி கொடுப்பியா?"

"ஐயோ, நான் முட்டையே தொட மாட்டேன் மேடம்."

"அப்போ அந்த ரத்தம்?"

"குங்குமம். மஞ்சள்ல பண்றது."

சுதா திருஷ்டியை விளக்கினாள். கெட்ட எண்ணம்கூட வேண்டாம். ஆசையாகப் பார்த்து, எவ்வளவு அழகு என்று வாய்விட்டுச் சொன்னாலே கண் பட்டுவிடும். குழந்தைகளுக்கு அது இன்னும் சீக்கிரம் படும். மேடம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டார். வீட்டைக் காலி செய்யும் பேச்சு அத்தோடு போயிற்று. பதிலுக்கு ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "வெள்ளிக்கிழமை தவறாம வை. எனக்கும் சேர்த்து. ஆனா வாடினதும் மக்கும் குப்பையிலதான் போடணும்."

விசா கிடைக்காததால் மாமியாரால் பிரசவத்துக்கு வர முடியவில்லை. வலி எடுத்த அன்று சுதாவின் ஒரு கையை நான் பிடித்திருக்க, ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியவர் எஸ்.கே. மேடம்தான். சாயங்காலம் வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

உள்ளே அழைத்து, துணியில் சுற்றிய என் மகளை அவர் கையில் கொடுத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று சுதாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தொண்டையைச் செருமி, கறாராகச் சொன்னார்:

"ரொம்ப சுமாரான குழந்தை."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் மகளை அழகு என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் அளவுக்கு ஆசையாக யாரும் சொன்னதில்லை.