முதலில் சாக வேண்டியவர் தனம் அக்கா

சாகசப் படங்களை நம்பி ஒரு காரியத்தில் இறங்கியவள் நான். இதை வெளியில் ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு வருஷம் பிடித்தது.

காட்டுக்குள் புதையல் தேடிப் போகிற படங்களைத் தமிழில் டப்பிங் செய்து ஞாயிற்றுக்கிழமை டிவியில் போடுவார்களே, அதில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. எந்தப் படமானாலும் அதே ஆட்கள்தான். முன்னால் நடக்க ஒரு தலைவர். பாறையைப் புரட்ட ஒரு பலசாலி. வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேச ஒரு அறிவாளி. கடைசியாக, "வேண்டாம், திரும்பிடலாம்" என்று சொல்ல ஒருவர். இந்தக் கடைசி ஆள் இடைவேளைக்கு முன்பே செத்துப்போவார். (பெரும்பாலும் முதலை.)

அப்போது சேதராப்பட்டில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் எனக்குக் காலை ஷிப்ட். வீடு மதகடிப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அன்று நாலு மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை அம்மாவுக்குத் தெரியாமல் பலமுறை எடுத்துப் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. "லீவு போடுடி" என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் தாராளமாக வந்துவிடலாம் என்று நான்தான் கேட்கவில்லை.

ஊர் நெருங்கும்போது கம்பெனி பஸ் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் இறங்கினோம். இறங்கின உடனே நான் மனசுக்குள் வேஷம் பிரித்துக் கொடுத்துவிட்டேன். லோடிங்கில் வேலை பார்க்கும் குமுதா பலசாலி. செல்போனில் மேப் பார்க்கும் பிரகாஷ் அறிவாளி. தலைவர் நான். (தேர்தல் எதுவும் நடக்கவில்லை.) பேக்கிங்கில் என் பக்கத்தில் உட்காரும் தனம் அக்காவுக்கு என்ன வேஷம் என்று மட்டும் தெரியவில்லை.

"ரோட்டுல போனா சுத்து. கரும்புல பூந்து போனா பத்தே நிமிஷம்" என்றேன்.

"வேணாம் புள்ள" என்றார் தனம் அக்கா. "ஆள் ஒசரத்துக்கு மேல வளந்து நிக்குது. ரோட்டாலயே போயிடலாம்."

வேஷம் தெரிந்துவிட்டது. எனக்கு அக்காவைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"பயந்தா ஆவுமாக்கா?" என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குள் நுழைந்தேன். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்தார்.

முற்றின கரும்புக்குள் போனவர்களுக்குத் தெரியும். மேலே வானம் தெரியாது, பக்கத்தில் வருகிறவர் முகம் தெரியாது. காய்ந்த சோகை இலை கன்னத்தைக் கீறும். "லெப்ட்டு... இல்ல, ரைட்டு" என்று பிரகாஷ் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் மேப்பின்படி நாங்கள் ஏரிக்கு நடுவில் நின்றிருந்தோம். குமுதா ஒரு கரும்பை உடைத்துக் கடித்துச் சக்கையைத் துப்பினாள். பலசாலியிடமிருந்து வேறு உதவி கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வழியில் ஒரு கரும்புச் சக்கை கிடந்தது. "யாரோ இந்தப் பக்கமா போயிருக்காங்க!" என்று உற்சாகமாகக் கத்தினேன்.

"நான்தான்டி துப்புனேன்" என்றாள் குமுதா.

மூன்றாவது முறை அதே சக்கையைப் பார்த்தபோது மணி நாலேகால். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்த இடமும் போச்சு என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்போது வெளியே ஒரு பெண் குரல் கேட்டது. "உள்ள எத்தினி பேருமா?"

"மூணு பேரு!"

"அழுவாதீங்க. ரெண்டு வரிசைக்கு நடுவுல சால் இருக்கில்ல, அதுல எறங்கி ஒரே பக்கமா நடங்க. வரிசை தாண்டாதீங்க. வரப்பு தானா வந்துடும்."

மூன்றே நிமிஷத்தில் வந்துவிட்டது. (என் அப்பா முப்பது வருஷமாகக் கரும்பு வைக்கிறவர்.)

வரப்பில் அந்த அம்மா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் போட்டோவில் பார்த்த முகம். அதற்குப் பின்னால் என் அப்பா தரையையும் அம்மா என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் தனம் அக்கா, உயிரோடு, மாப்பிள்ளை வீட்டாருக்காகச் செய்த கேசரியைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்போதோ எங்கள் வீட்டுக்குப் போய், நாங்கள் கரும்பில் நுழைந்த கதையையும் சொல்லியிருந்தார்.

எனக்கு ஒரு கால் செருப்பைக் காணோம். கன்னமெல்லாம் கீறல். அந்த அம்மா என் தலையிலிருந்த சோகையை எடுத்துப் போட்டார்.

"நீதான் பொண்ணா?"

"ஆமாங்க."

"கரும்பு வெக்கிற வூட்டுப் பொண்ணுன்னு தரகர் சொன்னாரே?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எனக்கு அந்த வயலுக்குள்ளேயே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்களிடமிருந்து மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சம்மதம் வந்தது. எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எங்க வூட்ல யாரும் சிரிக்க மாட்டோம். சிரிக்க வெக்க ஒரு ஆள் வேணும்னு அம்மாதான் சொல்லிச்சி" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாதிரிப் படம் போடுகிறார்கள். என் மாமியார் தவறாமல் பக்கத்தில் வந்து உட்காருவார். திரையில் யாராவது "வேண்டாம், திரும்பிடலாம்" என்று சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவனுக்குத்தான் கேசரி" என்பார்.

சற்று நேரத்தில் முதலை வந்து அவனைத் தின்றுவிடும். மாமியார் ஒத்துக்கொள்வதே இல்லை.

"படம் எடுத்தவனுக்கு ஒண்ணும் தெரியல. அந்த மொதலை, முன்னாடி போறவள இல்ல துன்னிருக்கணும்?"