வாரியல் துரை ஊர் சேர்ந்த கதை

பிள்ளைகளா, தூசியே பயந்து ஒதுங்கி நடந்த தெரு ஒன்று தென்காசியில் உண்டு. அது நம் தெருதான். நீங்கள் பிறப்பதற்கு முன்னால், அறுபதுகளின் தொடக்கத்தில், இரண்டு வருடம் அங்கே ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். அவர் இருந்தவரை எங்கள் தெருவில் விழுந்த ஒரு கடலைத் தோலுக்கும் நிம்மதி இருந்ததில்லை.

அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நார்வே தேசத்திலிருந்து சம்பளம் வாங்காமல் சுகாதார வேலை செய்ய வந்தவர். "நார்வேன்னா நார் வெளையுத ஊரா?" என்று கேட்டார் மெஸ் அக்கா. அந்த அக்கா நடத்திய சாப்பாட்டு மெஸ்ஸின் மாடி அறையில்தான் அவர் இருந்தார். கீழே என் வாடகை சைக்கிள் கடை. மனிதர் தென்னை உயரம். குனிந்து பெருக்கினால் முதுகு பிடித்துக்கொண்டது. ஆகவே வாரியலை ஒரு மூங்கில் கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு, பால்காரருக்கு முன்னால் தெருவில் இறங்கிவிடுவார். வாரியல் துரை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் அவர் பழுதில்லாமல் பேசிய வாக்கியம் ஒன்றுதான்: "காலைத் தூக்குங்க அண்ணாச்சி." டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர் தலை தெரிந்ததுமே, கேட்காமலே தூக்கிக்கொள்வார்கள்.

எதிர் வீட்டுக் கல்யாணத்தில் அட்சதை விழுந்து முடிவதற்குள் துரை மணமேடையில் ஏறிவிட்டார். மாப்பிள்ளையிடம், "காலைத் தூக்குங்க அண்ணாச்சி" என்றார். நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார்.

"தூக்கிருங்க மாப்ளே. எங்க தெருவுல எல்லாரும் தூக்குததுதான்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை தூக்கினார். கீழே கிடந்த அட்சதையை அள்ளிய பிறகுதான் நாயனம் மறுபடி கிளம்பியது.

சாரல் சீசன் வந்தால் ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிளில் குற்றாலம் போவார். குளிக்க அல்ல. பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா, அங்கே கிடக்கிற சீயக்காய்ப் பொட்டலத் தாளையெல்லாம் பெருக்குவதற்கு. ஒரு நாள் சிவகிரிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் குப்புறப் படுத்து முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். துரை அவரைச் சுற்றிலும் பெருக்கினார். பிறகு வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். குப்புறக் கிடக்கிறவர் எந்தக் காலைத் தூக்குவார்?

"ஏலே, யாருலே அது?" என்று தலையைத் தூக்கினார் பண்ணையார். ஆகாயத்தில் ஒரு சிவந்த முகம், அதற்குப் பக்கத்தில் ஒரு வாரியல். எண்ணெயோடு எழுந்து அருவிக்குள் ஓடியவர்தான்.

"பாதி முதுகு பாக்கி கெடக்கு தொரை. நீங்க வந்து படுங்க" என்றார் தேய்த்துவிட்டவர்.

இப்படியே இரண்டு வருடம் முடிந்தது. துரை கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். ஊரில் அவருடைய அம்மா ஒற்றை ஆளாகக் காத்திருந்தார். புறப்படுகிற அன்று காலை, பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு, மூங்கில் வாரியலை மெஸ் அக்காவிடம் நீட்டினார்.

"நான் போனதும் ரூம் பெருக்குங்க அக்கா."

அக்கா வாங்கவில்லை. "நல்லாச் சொன்னிய. பொறப்பட்டுப் போன ஆளு வீடு போய்ச் சேருத வரைக்கும் வாரியலைத் தொடலாமா? போனவுகளையே பெருக்கித் தள்ளுன மாதிரில்லா ஆயிரும்."

துரைக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொன்னேன். அதெல்லாம் மூட நம்பிக்கை என்றும் சேர்த்தே சொன்னேன். ஏற்கனவே வெளுத்த துரையின் முகம் இன்னும் வெளுத்தது.

"கப்பல் மூணு வாரம், அக்கா."

"அப்ப மூணு வாரம்."

"தெரு? தெரு பெருக்கலாம்?"

"எங்க வீட்லயுந்தான் சாப்ட்டிய. நாங்க மட்டும் தொட்டுருவமா?" என்றார் எதிர் வீட்டு மாமனார். துரை சாப்பிடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஒவ்வொரு வாசலிலிருந்தும், "நாங்களும் தொட மாட்டோம்" என்று குரல் வந்தது.

அது ஆனி மாதம். கணவாய்க் காற்று புளிய இலையையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்கு வீடு கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருட உழைப்பு, அவர் மேல் வைத்த பிரியத்தாலேயே மூன்று வாரத்தில் மண்ணுக்குள் போய்விடும். துரை டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகல."

"அங்கன உங்க அம்மை காத்துக் கெடப்பாவல்லா?" என்றார் அக்கா.

"பெருக்குங்க. போறேன்."

"நீங்க போங்க. போயி, சேந்துட்டேன்னு சொல்லுங்க. பெருக்குதோம்."

கொல்லம் வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. துரை தாடையைச் சொறிந்தார். "சேந்துட்டேன் சொன்னா, பெருக்குவீங்க?"

"சொன்ன நிமிசமே."

சட்டென்று எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தெருவே ஸ்டேஷனுக்குப் போனது. எல்லாரும் மூக்கைச் சிந்துகிற நேரத்தில் யாரோ பிளாட்பாரத்தில் பழத்தோலைப் போட்டுவிட, வண்டி ஏறிவிட்ட துரை இறங்கிவிட்டார். தோலை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஆளை உள்ளே தள்ளி, நாலு பேர் கதவைச் சாத்தினோம். வண்டி செங்கோட்டைப் பக்கம் திரும்பி மறைகிறவரை அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தந்தி வந்தது. தந்தி என்றால் அப்போதெல்லாம் கெட்ட செய்திதான். அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தந்திக்காரர் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித் தமிழாக வாசித்தார்: "சேந்துட்டேன். பெருக்குங்க."

"என்னத்தப் பெருக்கணுமாம், கணக்கா?" என்றார் மாமனார்.

"எங்கேயிருந்து அடிச்சிருக்காரு?" என்று நான் கேட்டேன்.

"கொச்சி."

கப்பலில் கால்கூட வைத்திருக்க மாட்டார்.

"கொச்சி சேந்தா வீடு சேந்ததாயிருமா?" என்று இழுத்தார் மாமனார்.

அக்கா எழுந்து கொண்டையை முடிந்துகொண்டார். "சேந்துட்டேன்னு சொன்னாப் பெருக்குதோம்னு வாக்குக் குடுத்தோம். சொல்லிட்டாரு. எங்க சேந்தாருன்னு கேக்க நாம ஆரு? எடுங்க வாரியல."

அன்று கிளம்பிய புழுதியைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டது என்று அடுத்த தெருக்காரர்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். அவர்களையும் "காலைத் தூக்குங்க" என்று சொல்லிப் பெருக்கினோம். எங்கள் தெரு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு வாசல்களில் தண்ணீர் தெளித்துவிட்டு அவரவர் உள்ளே போனார்கள். நான் கடைக்குள் வந்தேன். தரையெல்லாம் புளிய இலை. வாரியலைக் கையில் எடுத்தேன். கப்பல் இனிமேல்தான் கிளம்ப வேண்டும். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.