வீட்டுத் தலைவருக்கு எத்தனை புள்ளி?

இனிமேல் கோடாரியைத் தொடுவதில்லை என்று எலியோடோரோ சபதம் எடுத்தார். உரக்கத்தான் எடுத்தார், மனைவி எதெல்மிரா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து.

சிலியின் தென்கோடியில் கொயாய்க்கே ஊரில் குளிர் என்றால் சும்மா இல்லை. முப்பது வருஷமாக அந்த வீட்டில் விறகு பிளப்பது அவர் வேலை, குளிர் காய்வது எதெல்மிராவின் வேலை. முதுகு போயே போச்சு.

இப்போது அரசாங்கமே கண் திறந்துவிட்டது. ஊரில் புகை தாங்கவில்லையாம். பழைய விறகு ஹீட்டர் ஒன்றைக் கொடுத்தால், காற்றிலிருந்து சூடு எடுக்கும் புது மெஷினை மானியத்தில் மாட்டித் தருவார்களாம். எலியோடோரோவின் திட்டம் சுலபமானது. சமையலறையில் விறகை விழுங்கும் ராட்சச ஹீட்டரைத் தள்ளிவிடுவது. தோட்டத்துக் கொட்டகையில் இருக்கும் குட்டி ஹீட்டரைப் பற்றி மூச்சுகூட விடாமல் இருப்பது. அந்தக் கொட்டகையில்தான் சனிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு நொல்பெர்த்தோவோடு சீட்டாட்டம். உலகத்தில் அவர் பேச்சு எடுபடும் ஒரே இடமும் அதுதான். அதை விட்டுவிட முடியுமா?

"மச்சான், அந்த மெஷின் வெளிக்காத்துல இருக்கற சூட்டை உறிஞ்சி உள்ள விடுமாம்" என்றார் எலியோடோரோ, சனிக்கிழமை சீட்டைக் கலைத்துக்கொண்டே.

"வெளியே மைனஸ் எட்டுய்யா! ஏது சூடு?" என்றார் நொல்பெர்த்தோ.

"இருக்குங்கறாங்க."

"எந்த வெளியே? நம்ம வெளியேவா, தலைநகர் சாண்டியாகோ வெளியேவா?"

"எனக்கும் அதான் குழப்பம். நீ சீட்டைப் போடு."

மறுநாள் எதெல்மிரா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தாள்.

"ஏங்க, குடும்பத் தலைவர்னு ஒரு கட்டம் இருக்கு. யார் பேரு?"

"இதென்ன கேள்வி? என் பேருதான். இந்தத் தெருவுல நான் பெரிய புள்ளி!"

"இங்க உங்களுக்குப் புள்ளியே இல்லீங்க. புள்ளி அதிகம் இருக்கறவங்களுக்குத்தான் மானியமாம், பொம்பளை தலைவியா இருந்தா பத்துப் புள்ளி கூடுதலாம்."

"அப்ப நான் யாரு?"

"கீழே 'உடன் வசிப்பவர்'னு ஒரு கட்டம் இருக்கு. நல்லா அகலமா இருக்கு, கால் நீட்டிக்கலாம்."

எலியோடோரோ தலையைச் சொறிந்தார். "சும்மா காகிதத்துலதானே?"

"காகிதத்துலதான்."

"வீட்டுல நான்தானே தலைவர்?"

"வீட்டுல என்னிக்குங்க நீங்க..."

"சரி சரி, போடு!"

அவள் கையெழுத்துப் போட்டாள். அது தன் தலையெழுத்து என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

பரிசோதனைக்கு யஸ்னா என்ற பெண் அதிகாரி வந்தாள். எலியோடோரோ விடிந்ததுமே கொட்டகை ஹீட்டருக்கு மேஜைவிரிப்புப் போர்த்தி, மேலே ஒரு பூந்தொட்டியும் வைத்திருந்தார். புகைக்குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டார், பாவம்.

"சமையலறையில ஒண்ணுதாம்மா இருக்கு. எடுத்துட்டுப் போங்க!"

யஸ்னா காகிதத்தைப் புரட்டினாள். "நீங்க உடன் வசிப்பவர்தானே, ஐயா? எதை எடுக்கணும்னு தலைவிதான் கைகாட்டணும்."

எதெல்மிரா நேரே கொட்டகைக்கு நடந்தாள். பூந்தொட்டியை எடுத்து எலியோடோரோவின் கையில் கொடுத்தாள். விரிப்பை உருவினாள்.

"இதாம்மா."

"அடிப்பாவி!" வாயைத் திறந்தால் ஒளித்துவைத்தது யார் என்று தெரிந்துவிடுமே என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

"பழசு இருந்த இடத்துலதான் புதுசை மாட்டுவோம்" என்றாள் யஸ்னா.

எலியோடோரோவுக்குக் குழப்பம். அப்படியானால் மெஷின் கொட்டகைக்கு! விறகில்லாத சீட்டாட்டம்! ஆனால் சமையலறைக்கு விறகு பிளக்க வேண்டும். ஜெயித்தோமா, தோற்றோமா? இரண்டு நாள் யோசித்து, ஜெயித்தோம் என்றே முடிவு கட்டினார்.

மெஷின் வந்த சனிக்கிழமை மத்தியானம், சீட்டுக்கட்டும் மாத்தே டீக்குக் கெண்டியுமாக நொல்பெர்த்தோவைக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டகைக் கதவைத் திறந்தால் உள்ளே பதினோரு பெண்கள். பதினோரு ஜோடி பின்னல் ஊசி. நொல்பெர்த்தோவின் மனைவியும் ஒரு மூலையில் ஸ்வெட்டர் கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே சனிக்கிழமை எங்க கம்பளிச் சங்கம் இங்கதாங்க" என்றாள் எதெல்மிரா. "கதவைச் சாத்துங்க, சூடு போகுது. அப்படியே சமையலறைக்கு விறகு தீர்ந்துபோச்சு, பாருங்க. ரெண்டு பேரா இருக்கீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

கதவு சாத்திக்கொண்டது. வெளிச்சுவரில் மெஷினின் காற்றாடி உறுமிக்கொண்டு அவர்கள் முகத்தில் பனிக்காற்றை அடித்தது. நொல்பெர்த்தோவுக்குப் பல் தந்தியடித்தது.

"மச்சான், வெளியே இருந்து சூட்டை உறிஞ்சி உள்ள விடும்னாங்களே. யாருகிட்ட இருந்து உறிஞ்சும்னு இப்பதான் புரியுது."

உடன் வசிப்பவர் கோடாரியை எடுத்தார்.