ஒழுகவில்லை, வேர்க்கிறது

1964. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வருடம் அது. சொந்தக்காரர் பிறந்ததும் அதே வருடம்தான். இருவரில் யாருக்கு உதிரி பாகம் கிடைப்பது சுலபம் என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வாசகரே, இந்த இனத்துக்குப் ‘பழைய கார்க்காரர்’ என்று பெயர். தெருவுக்கு ஒருவர் உண்டு. விடுமுறை நாட்களில் காருக்கு அடியிலிருந்து கால்கள் மட்டும் தெரியும்.

வண்டி ஓட்டுவதைவிட அதற்கு யோசனை கேட்பதில்தான் இவருக்குப் பிரியம். பழைய இன்ஜினுக்குச் சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்பார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பார், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் அழுது முடித்தவராகப் பார்த்துத் தனியே அழைத்துப் போய்க் கேட்பார். வேண்டாம் என்றவருக்கு விவரம் போதாது. ஊற்றலாம் என்றவருக்கு அக்கறை போதாது. பிறகு எதற்குக் கேட்கிறார்? தான் சொல்வதற்கு.

வண்டிக்கு அடியில் கறுப்பாகக் குட்டை தேங்கியிருந்தாலும் ‘ஒழுகுது’ என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன மருமகனோடு இவர் ரொம்ப நாள் பேசவில்லை.

“வேர்க்குதுப்பா. வயசான இன்ஜின் வேர்க்கத்தான் செய்யும்.”

மனைவிக்கு வண்டி நிற்கும் ஷெட் வேண்டும். சின்ன மகள் தையல் மிஷின் போட இடமில்லாமல் சாப்பாட்டு மேஜையில் துணி வெட்டுகிறாள். குழம்பில் நூல் வருகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு நாள் பந்தயம் கட்டினார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வீட்டுக்கு இந்த வண்டி போய்ச் சேரணும். சேரலைன்னா வித்துடணும். சரியா?”

சரி என்றார். முக்கி முனகிப் பலமுறை போய்வந்த தூரம்தான். சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பார். இந்த இனம் சும்மா இருக்குமா? மறுநாளே பழைய ஆயிலை இறக்கிவிட்டு, தேன் நிறத்தில் புத்தம்புதுச் சிந்தெடிக்கை ஊற்றி, வாரம் முழுக்கச் சாயங்காலந்தோறும் ஊரைச் சுற்றிவந்தார். புது ஆயில் கடமை தவறாதது. உள்ளே காலங்காலமாகப் படிந்திருந்த கசடையெல்லாம் வழித்துத் துடைத்தது. தேய்ந்த சீல்களின் ஓட்டையை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்ததே அந்தக் கசடுதான் என்று அதற்கு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில், ஆயில் குறைகிறது என்று ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வேர்க்கிறது என்றார். மனைவி திரும்பி, சாலையில் பின்னாலேயே நீண்டு வந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார்.

“குளிக்குதுங்க.”

தங்கச்சி வீட்டுத் தெருமுனையில் இன்ஜின் இறுகி நின்றது. சகலையும் அக்கம்பக்கத்தாரும் தள்ள, ஸ்டியரிங்கை மட்டும் கம்பீரமாகப் பிடித்தபடி வாசலில் வந்து இறங்கினார்.

“பாத்தியா, போய்ச் சேந்துடுச்சு.”

சகலை பானெட்டைத் திறந்தார், மோந்து பார்த்தார், மரியாதையாக மூடினார்.

“ஆமாண்ணே, போய்ச் சேந்துடுச்சு.”

மனைவி வாக்கு மாறாதவர். வண்டியை விற்க வேண்டாம் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார். “சேந்த இடத்துலயே இருக்கட்டும்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், ‘எத்தனாம் நம்பர் ஆயில் ஊற்றினார், அதைச் சொல்லவே இல்லையே’ என்று நடுவில் ஒரு நொடி உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் யாரோ ஷெட்டை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இவர்கள் வீட்டு ஷெட்டுக்குப் புதன்கிழமை வெள்ளையடிக்கிறார்கள்.