பூட்டு வைத்த லைட்டர்

"தம்பி, என்ர மகளிட்ட நீர் என்னத்தையும் சொல்லும். கோவிப்பாள், பிறகு ஆறிப்போவாள். ஆனா ஒண்டை மட்டும்..."

கலியாணப் பந்தலில் மாமனார் எழும்பி நின்று செய்த பிரசங்கத்தில் மனுவேலுக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். அந்த 'ஒண்டு' என்னவென்று அவர் வாயெடுத்த நேரம் பார்த்து யாரோ பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டுவிட்டார்கள். புகை அடங்கியபோது மாமனார் உட்கார்ந்து பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார். மிச்சப் பாதி தெரியாமலே மனுவேல் இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டான். அதனால் பெரிய குறை ஒன்றும் வரவில்லை, லைட்டர் வாங்கும் வரைக்கும்.

மனுவேல் கற்பிட்டிக் கரையில் படகு இஞ்சின் திருத்துகிறவன். நாளொன்றுக்கு நாலு சுருட்டு வேண்டும். சுருட்டுக்குத் தட்டுப்பாடு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியின் தம்பி பஸ்ஸில் கட்டுக்கட்டாக அனுப்பிவிடுவான். தட்டுப்பாடு நெருப்புக்குத்தான். வேலைக் கொட்டிலுக்குள் பற்றவைக்க ஏலாது, பெற்றோல். கொட்டிலுக்கு வெளியே பற்றவைக்க ஏலாது, சோளகக் காற்று. வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரை அந்தக் காற்று கரையில் ஒரு குச்சியையும் எரிய விடாது. வெள்ளைக்காரர்கள் அதே காற்றுக்காக விமானம் ஏறி வந்து, பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் கூச்சல் போடுகிறார்கள். மனுவேல் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, உடுத்திருந்த சாரத்தைக் கூடாரமாய்ப் பிடித்து, ஒரு பெட்டிக் குச்சியை முழுதாய்க் கிழித்து முடித்திருக்கிறான். சுருட்டின் நுனி சூடுகூடக் கண்டதில்லை. சாரம்தான் இரண்டு இடத்தில் பொத்துப்போயிற்று.

மிஞ்சியது மனைவி யூஜீனியாவின் அடுப்பு. சமையல் காஸுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் விறகுக்கு மாறியவள், வரிசை முடிந்த பிறகும் மாறவில்லை. அதிகாலையில் இடியப்பம் அவித்து இரண்டு விடுதிகளுக்கு அனுப்புவாள். அதன்பின் அந்த அடுப்பில் பகல் முழுக்கத் தணல் கிடக்கும். ஆனால் அந்தத் தணலுக்கு ஒரு சட்டம் இருந்தது. சும்மா வந்தவனுக்கு நெருப்புக் கிடையாது.

"நெருப்போ? எடுங்கோ, எடுங்கோ. உதில திருவலை கிடக்கு. அந்த ரெண்டு தேங்காயையும் திருவிப்போட்டு எடுங்கோ."

"ஒரு சுருட்டுக்கு ரெண்டு தேங்காயோ?"

"சின்னச் சுருட்டெண்டா ஒண்டு போதும். உங்கடது முருங்கைக்காய் மாதிரியெல்லோ நீண்டு கிடக்கு."

காலைச் சுருட்டுக்குத் தேங்காய். பத்துமணிச் சுருட்டுக்கு நாலு வாளித் தண்ணீர். மத்தியானச் சுருட்டுக்கு மீன் வெட்டு. பின்னேரச் சுருட்டுக்கு விறகு கொத்து. சுருட்டென்பது இடையில் இரண்டு தரம் அணையாமல் எரியாத சாமான். அணைந்த சுருட்டோடு திரும்பி வந்தால், "அது பழைய நெருப்பு, இது புது நெருப்பு" என்பாள் யூஜீனியா. புது நெருப்புக்குப் புது வேலை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மனுவேல் முடிவெடுத்தான். இனி என்ர நெருப்பு என்ர சட்டைப் பையிலதான்.

கடைத்தெருவில் ஹயாத்து முகம்மது நானாவின் கடை. தூண்டில் முள்ளிலிருந்து வெள்ளைக்காரர் பூசும் வெயில் களிம்பு வரை அங்கே கிடைக்கும்.

"நானா, காத்துக்கு நிக்கிற லைட்டர் ஒண்டு வேணும்."

"காத்துக்கு நிக்கணுமா, வீட்டுக்காரிக்கு நிக்கணுமா?"

"ரெண்டுக்கும்."

நானா சிரிக்காமல் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் நடந்தார். அங்கே காற்று நானாவின் தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. நல்ல பரீட்சை மண்டபம்.

முதல் லைட்டர் கண்ணாடிப் பச்சை. சில்லைத் தேய்த்தால் நெருப்புத் தலையைக் காட்டி, ஊர் நிலைமையைப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. பத்துத் தரம் தேய்த்ததில் மனுவேலின் பெருவிரல்தான் சூடானது. இரண்டாவது பித்தளை மூடிக்காரன், பெற்றோல் ஊற்றுகிறது. காற்றுக்கு மார்பைக் காட்டி நின்றது. ஆனால் சுருட்டை இழுத்தால் இஞ்சினை இழுத்த மாதிரி இருந்தது.

"நாள் முழுக்க மூக்கால குடிக்கிறது காணாதெண்டு வாயாலயும் குடிக்கிறதோ, நானா?"

"நாலு நாளைக்கு ஒருக்கா ஊத்தவும் வேணும் தம்பி. போன வருசமெண்டா இதையும் கொண்டு பெற்றோல் வரிசையில நிண்டிருப்பீங்க."

மூன்றாவது, கைத்தொலைபேசி மாதிரிச் சார்ஜ் போடுகிற சாமான். நெருப்பே இல்லை, ஊதா நிறத்தில் இரண்டு மின்னல். அது இருந்த பள்ளத்துக்குள் சிகரட் போகும். மனுவேலின் சுருட்டு, தொட்டிலில் படுக்கப் பார்த்த தாத்தாவைப் போல் வெளியே நின்றது.

கடைசியில் வந்தது நீல நெருப்பு. அமுக்கினால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஊசி போல் நேரே பாயும். காற்று என்ன செய்தும் வளையவில்லை. ஒரே மூச்சில் சுருட்டின் நுனி முழுக்கச் சிவந்தது. மனுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதில ரெண்டு சாதி இரிக்கி," என்றார் நானா. "நெருப்பு ஒண்டுதான். இந்தச் சிவப்பு சரியான லேசு. ஒரு அமுக்கு, பத்தும். கறுப்புக்குப் பூட்டு இரிக்கி. இந்தக் கொழுக்கிய கீழ இழுத்து, மூடியத் தள்ளி, பிறகு அமுக்கணும். சின்னப் புள்ளைகள் தொட்டாலும் பத்தாது. நான் செல்றன், சிவப்ப எடுங்க. கண்ண மூடிட்டு அமுக்கலாம். உங்கட வீட்டுக்காரிக்குக் கூட—"

அந்தச் சொல்லில் மனுவேல் விழித்துக்கொண்டான்.

அவனுடைய வீட்டில் லேசாக வேலை செய்கிற எந்தச் சாமானும் அவனிடம் நிற்பதில்லை. அவனுடைய நல்ல டோர்ச் கோழிக்கூட்டில் தொங்குகிறது. நல்ல குறடு சட்டி இறக்கப் போய்விட்டது. நல்ல குடை ஞாயிற்றுக்கிழமைகளில் யூஜீனியாவோடு கோயிலுக்குப் போகிறது, அவன் பின்னால் நனைந்துகொண்டு போகிறான். சிவப்பு லைட்டர் வீட்டுக்குப் போனால் அன்று பின்னேரமே குசினித் தட்டில் குடியேறிவிடும்.

"கறுப்பைத் தாங்கோ, நானா."

"கஸ்டம், தம்பி."

"கஸ்டமா இருக்க வேணும். அதுதான் எனக்கு வேணும்."

அன்று பின்னேரம் மனுவேல் கரையில் நின்றான். சோளகம் முகத்தில் மணலை எறிந்தது. கொழுக்கியை இழுத்தான், மூடியைத் தள்ளினான், அமுக்கினான். ஸ்ஸ்ஸ். சுருட்டு முழுவதையும் ஒரு தேங்காயும் திருவாமல் புகைத்தான். அத்தோடு விட்டிருக்கலாம். இரண்டாவது சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, வேண்டுமென்றே குசினி வாசலால் நடந்தான்.

யூஜீனியா புகையை மணந்து பார்த்தாள். "நெருப்பு ஏது?"

"என்ர."

"ஹயாத்து நானா கடையில நீலமா எரியுற ஒண்டு வாங்கினீங்களாம், ரபியா சொன்னவ." ரபியா நானாவின் மனைவி. சாமான் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது. "தாங்கோ பாப்பம்."

மனுவேல் தாராளமாகக் கொடுத்தான். யூஜீனியா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொழுக்கியைப் பிடித்து இழுத்தாள். மூடியை நகத்தால் கிண்டினாள். பெருவிரலை உதறினாள்.

"உனக்கு ஏலாது," என்றான் மனுவேல்.

"இறுக்கமாக் கிடக்கு."

"உனக்கு ஏலாது. இது இஞ்சின் பிடிச்ச கைக்குத்தான் வளையும்."

"இன்னொருக்கா பாக்கட்டோ?"

"விடு, விடு. சொன்னாக் கேள். உனக்கு ஏலாது."

"ஓமப்பா," என்று திருப்பித் தந்தாள் யூஜீனியா. "எனக்கு ஏலாதுதான்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்தது இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மனுவேலுக்கு அந்த வசனம் சுருட்டைவிட இனித்தது.

மறுநாள் விடிய நாலரைக்கு யாரோ தோளைத் தட்டினார்கள்.

"இஞ்சாருங்கோ. அடுப்பு."

"என்ன அடுப்பு?"

"மூட்ட வேணும். ஆறு மணிக்கு இடியப்பம் போக வேணும்."

"நெருப்புப்பெட்டி எங்க?"

"உப்புக் காத்தில ஈரம் பிடிச்சுப்போச்சு. எறிஞ்சிட்டன். லைட்டர் கிடக்குத்தானே? எனக்கெண்டாத்தான் ஏலாதே."

மனுவேல் எழும்பிப் போய் மூட்டினான். முதல் நாள் பெருமையாகக்கூட இருந்தது. ஈர விறகும் நீல நெருப்புக்கு முன்னால் முரண்டு பிடிக்கவில்லை. ஆனால், பகல் முழுக்க அணையாமல் கிடந்த அந்த அடுப்பு இப்போது நாளுக்கு ஐந்து தரம் அணையத் தொடங்கியது. "விறகை மிச்சம் பிடிக்க வேணுமப்பா," என்று தண்ணீர் தெளித்துவிடுவாள். இஞ்சினுக்குள் தோள் வரை கையை விட்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கும். தேத்தண்ணிக்கு அடுப்பு. கறிக்கு அடுப்பு. பின்னேரம் நுளம்பு கடிக்காமல் நுளம்புத்திரி. செபத்துக்கு மெழுகுதிரி.

வீட்டோடு நின்றாலும் பரவாயில்லை. ரபியா வீட்டில் கந்தூரிக்குச் சோறாக்க வெளியே பெரிய அடுப்புக் கட்டினார்கள். காற்று விடவில்லை. "மனுவேல் தம்பிட கையால வெச்சாத்தான் புடிக்கும்," என்று ஆள் வந்தது. அடுத்த கிழமை கோயில் மணிக்காரர் வந்தார், வாசலில் மெழுகுதிரி நிற்குதில்லையாம். தீயை அணைக்கப் புத்தளத்திலிருந்து வண்டி வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தீயை மூட்டக் கற்பிட்டியில் மனுவேல் சைக்கிளில் வந்தான்.

நாலு சுருட்டு ஒன்றாயிற்று. பையில் நெருப்பு இருந்தது. இழுக்கத்தான் நேரமில்லை.

மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மனுவேல் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். கழற்றிய சேட்டு கொடியில் கிடந்தது, லைட்டர் சேட்டுப் பையில். முகம் முழுக்கச் சவர்க்காரம். கிடுகு மறைப்பின் ஓட்டையால் ஒற்றைக் கண்ணில் பார்த்தான். யூஜீனியா வலக்கையில் மீன் சட்டியோடு வந்தாள். இடக்கையைச் சேட்டுப் பைக்குள் விட்டாள். கோழியொன்றை ஏசிக்கொண்டே, அந்தப் பக்கம் திரும்பியும் பாராமல், ஒற்றைப் பெருவிரலால் கொழுக்கி, மூடி, ஸ்ஸ்ஸ். சுவர் மாடத்தில் அந்தோனியாருக்கு முன்னால் அணைந்திருந்த மெழுகுதிரி பற்றிக்கொண்டது. லைட்டரைப் பையில் போட்டாள். பைப் பொத்தானையும் பூட்டினாள். பிறகு கிணற்றடிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"இஞ்சாருங்கோ! குளிச்சது காணும். அடுப்பு மூட்ட வாங்கோ!"

மனுவேல் சவர்க்காரத்தோடு ஓடி வந்தான்.

"யூஜீனா! உனக்கு ஏலும்!"

"என்னது?"

"லைட்டர்! இடக்கையால! நான் பாத்தனான்!"

"ஓம்."

"அப்ப ஏன் ஏலாதெண்டு சொன்னனீ?"

"நானோ முதல்ல சொன்னனான்? நீங்களெல்லோ சொன்னனீங்கள். எண்ணி மூண்டு தரம். நான் அதுக்கு ஓம் போட்டனான், அவ்வளவுதான். கட்டின மனுசன் அவ்வளவு சந்தோசமாச் சொல்லேக்க மறுத்துக் கதைக்கலாமோ?"

மனுவேலின் கண்ணுக்குள் சவர்க்காரம் போயிற்று.

"என்ர அப்பு அண்டைக்குப் பந்தலில எழும்பி நிண்டு சொன்னவர்தானே," என்றாள் யூஜீனியா, தன் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "'அவளுக்கு ஏலாதெண்டதை மட்டும் சொல்லிப்போடாதையும் தம்பி. சொன்னீரோ, அந்த வேலை சாகும்வரை உம்மட தலையிலதான்.' நீங்கள் கேக்கேல்லையோ?"

"எப்பிடிக் கேக்கிறது? எவனோ பட்டாசைக் கொளுத்திப்போட்டான்!"

"எவனோ இல்லை. என்ர தம்பி."

"ஆர், சுருட்டு அனுப்புறவனோ?"

"ஓம். அண்டைக்குக் கொளுத்தச் சொல்லிக் கண்ணைக் காட்டினதும் நான்தான். இப்ப சுருட்டை அனுப்பச் சொல்றதும் நான்தான். நீங்கள் சுருட்டை விட்டிட்டீங்களெண்டா எனக்கு ஆர் தேங்காய் திருவுறது?"

காற்று மெழுகுதிரியை மறுபடி அணைத்தது. யூஜீனியா அதைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் மனுவேல் லைட்டரைக் கொண்டுபோய்க் குசினித் தட்டில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு ஒரு சுருட்டை வாயில் செருகிக்கொண்டு, திருவலையில் உட்கார்ந்து, தேங்காய்க்குக் கையை நீட்டினான்.