சுரங்கப்பாதைத் தோழிக்கு ஒரு சிலை

உலகத்தில் இதுவரை நடந்த மாபெரும் காரியங்கள் இரண்டு. ஒன்று, அந்தச் சரித்திர நாவலை அதன் ஆசிரியர் எழுதியது. மற்றொன்று, அதை நான் பன்னிரண்டு முறை படித்தது. இரண்டில் எது பெரிது என்று சொல்ல என் அடக்கம் இடம் தரவில்லை. நாவலின் பெயரையும் சொல்லப்போவதில்லை. 'அந்த நாவல்' என்றதுமே புரியாதவர்களுக்குப் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காப்பீட்டு அலுவலகத்தில் நான் பிரிவு மேலாளர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் அந்த நாவலின் வாசகர் பேரவைத் தலைவர். பேரவையின் சட்டதிட்டங்கள் கறாரானவை. ஒருமுறை படித்தவர் கூட்டத்தில் உட்காரலாம். ஐந்து முறை படித்தவர் வாயைத் திறக்கலாம். பத்தைத் தொட்டவர், இளவரசர் கோட்டையைப் பிடிக்கும் கட்டத்தில் கண்ணீர் விடலாம். அதற்குக் குறைந்தவர் அழுதால் அது 'சொந்தக் காரணங்களுக்கான அழுகை' என்று குறிக்கப்படும்.

இப்படிப்பட்ட என் வீட்டிலேயே கலகம் வெடித்தது. என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இத்தனை வருடம் அந்த நாவலைத் தொடாதவள், விடுமுறையில் நாலு பாகத்தையும் மூச்சு விடாமல் படித்து முடித்தாள். சனிக்கிழமை காலையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கண்களில் நீரைத் தேடினேன். ஒரு சொட்டு இல்லை.

“ஏங்க, அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

“எந்தப் பொண்ணு?”

“ரெண்டாம் பாகத்துல இளவரசர் சுரங்கப்பாதை வழியா தப்பிச்சுப் போறார்ல? இளவரசியோட தோழி விளக்கைப் பிடிச்சுக்கிட்டு வழி காட்டறா. பாதி வழியில, 'இங்கேயே நில், நொடியில் வருகிறேன்'னு சொல்லிட்டுப் போயிடறார். அப்புறம் கோட்டையைப் பிடிக்கறார், முடி சூட்டிக்கறார், இளவரசியைக் கட்டிக்கறார். அவ?”

“அவளுக்கென்ன?”

“இன்னும் அங்கேயே நிக்கறாளே!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சுரங்கத்துக்குள் பன்னிரண்டு முறை போய் வந்தவன் நான். இளவரசரின் குதிரைக்கு எந்தக் காதில் மச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோழியின் நினைவு மட்டும் வந்ததே இல்லை.

“ஆசிரியர் எதையோ யோசிச்சுத்தான் விட்டிருப்பார்” என்றேன்.

“அவர் மறந்துட்டார். ஒரு தடவைதானே எழுதினார், போகட்டும். நீங்க பன்னிரண்டு தடவை படிச்சீங்களே?”

அடுத்த வாரம் பேரவையின் பொன்விழா. இந்தக் கேள்வி வெளியே கசிந்தால் தலைவர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். உடனே அவசரக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தேன்.

அன்றைக்கு மனைவிக்குக் கண் பரிசோதனை இருந்தது. கூட்டத்துக்குப் போகிற வழியில் அவளைக் கண் மருத்துவமனையில் இறக்கிவிட்டேன்.

“கண்ணுல சொட்டு மருந்து விட்டா எல்லாம் மங்கலாயிடும். போனைக்கூடப் பார்க்க முடியாது. தனியா வர முடியாதுங்க, மறந்துடாதீங்க.”

“நீ இங்கேயே உட்காரு. அரை மணி நேரத்துல வந்துடறேன்” என்று பேரவைத் தலைவருக்கு உரிய மிடுக்கோடு வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் பொருளாளர் பல் டாக்டர். பதினோரு முறை படித்தவர். அவருடைய கிளினிக்கின் வரவேற்பறையில்தான் கூட்டம். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். “அப்படியே இருங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு டாக்டர் வந்து அமர்ந்தார். செயலாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர், ஒன்பது முறை.

“அவ வந்த வழியே திரும்பிப் போயிருப்பா சார்” என்றார் செயலாளர்.

“அந்தக் கதவை இளவரசரே பூட்டிட்டார். சாவி இடுப்புல” என்றார் டாக்டர்.

“அப்ப முன்பக்கமா போயிருப்பா.”

“அங்க பாறையைத் தள்ளி அடைச்சுட்டார். எதிரி வரக்கூடாதுன்னு.”

இளவரசருடைய முன்யோசனையை மூவரும் மனதுக்குள் பாராட்டிக்கொண்டோம்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு ராஜ்யத்தையே தலையில தூக்கி வச்சிருக்கறவருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?” என்றார் செயலாளர்.

அப்போதுதான் நான் எழுந்தேன். “அன்பர்களே! அவள் மறக்கப்படவில்லை. நம்பப்பட்டாள்! நில் என்றால் நிற்பாள் என்று இளவரசர் நம்பினார். அவளும் நின்றாள். இந்த மண்ணில் இதைவிடப் பெரிய பேறு எது?”

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளரும் கைக்குட்டையை எடுத்தார். அவர் ஒன்பதே முறை படித்தவர் என்பதால், சிறப்புத் தீர்மானம் போட்டு அழ அனுமதித்தோம்.

பொன்விழாவில் தோழிக்குச் சிலை வைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. விளக்கு வலது கையிலா இடது கையிலா என்பதில் ஒரு மணி நேரம் போனது. முகத்தில் புன்னகை வேண்டுமா என்பதில் இன்னும் அதிகம். கூட்டம் கலைந்தபோது, வாயைத் திறந்து வைத்திருந்தவரைக் காணோம்.

வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் எங்கே போய்விட்டாள் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்தேன். மேஜைமேல் அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கூடு கிடந்தது. அப்போதுதான் கண் மருத்துவமனை ஞாபகம் வந்து, காரைத் திருப்பினேன்.

கண் மருத்துவமனையின் ஷட்டர் இறங்கியிருந்தது. வெளிப்படியில், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தெருவில் போகிற ஒவ்வொரு காருக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“நான்தான். கோவிச்சுக்காதே. உன் கேள்வியாலதான் நேரமாயிடுச்சு. அருமையான முடிவு எடுத்திருக்கோம். அந்தத் தோழிக்குச் சிலை வைக்கப்போறோம்!”

“சிலையா?”

“ஆளுயரத்துக்கு! கையில விளக்கோட!”

என் முகம் எங்கே இருக்கிறது என்று மங்கலான கண்களால் தேடினாள்.

“இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினீங்களே, போய் அவளைக் கூட்டிட்டு வந்துடலாம்னு ஒருத்தருக்கும் தோணலையா?”

ஒருமுறை மட்டுமே படித்தவர் கேட்டது என்பதால், இந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.